எட்டாவது புஜோர்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்கு மேலே 'செத்த இயற்கை' என்று பித்தளைப் பலகை இருக்கிறது. பூ, பழம், மீன், கூஜா என்று அசையாத பொருள்களை வைத்து வரையும் படங்களுக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர். அந்த அறையில்தான் எங்கள் மாலை ஓவிய வகுப்பு நடக்கிறது. கலையை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று டைரக்டர் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். கொண்டுபோவது சிரமம் என்பதால் மக்களில் பதினைந்து பேரை மூன்று மாடி ஏற்றிவிட்டார்.

டைரக்டர் வோய்னேஸ்கு இதையே பழைய ஆட்சியிலும் பேசியவர் என்பார்கள். ஆட்சி மாறியபோது ஊரில் தெருப் பெயர்கள் மாறின, ரொட்டிக் கடை வரிசை மறைந்தது, டைரக்டரின் அறையில் மாட்டியிருந்த தலைவர் படம் இறங்கியது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் கீழே டைரக்டர் அப்படியே இருந்தார்.

பகலில் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிப் பொட்டலம் போடுவது என் வேலை. எதையும் இரண்டு முறை எண்ணுவேன். மூன்றாம் முறையும் எண்ணியிருக்கலாமோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோன்றும். ஓவிய வகுப்பிலும் அப்படித்தான். வரைவதைவிட அழிப்பது அதிகம். அதனால் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எதையுமே அழிக்காமல் வரைந்துகொண்டிருந்த பம்ஃபில் மாமாவைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பம்ஃபில் மாமா துறைமுக வழித்தடத்தில் டிராம் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அறையில் ஆப்பிள் இருந்தது, வாத்து இருந்தது, வெள்ளரிக்காயும் கத்தியும் இருந்தன. அவர் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அது எங்கள் ஊர்க்காரரான எஃப்ரெம் ஸ்டாவ்ராக்கே வரைந்த புஜோர்ப் பூக்கள். விளிம்பு பெயர்ந்த நீல எனாமல் பால் கூஜா; அதில் ஏழு சிவந்த புஜோர்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறையும் அளவு. மேஜை மேல், கூஜாவுக்குப் பக்கத்தில், இன்னொன்று தனியாகக் கிடக்கும்.

காவலாள் ஸாம்ஃபிரா, வெள்ளைக் கையுறையோடு ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். பம்ஃபில் மாமா ஸ்டூலை முன்னால் நகர்த்தும் போதெல்லாம், தலை நிமிராமலே குரல் கொடுப்பாள்.

"ஒரு மீட்டர்!"

"தொடலம்மா, பாக்கத்தான் செய்றேன்."

"பாக்குறதும் ஒரு மீட்டர் தள்ளித்தான்."

அவர் வரைந்த புஜோர்கள் முட்டைக்கோஸ் போலவே இருக்கும். நல்ல முட்டைக்கோஸ், நரம்புகூடத் தெரியும். வகுப்பு முடிந்ததும் தாளைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். யாருக்கு என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய வீட்டுக்கே மருந்து கொண்டுபோக வேண்டி வந்தது.

டிராம் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் தரைத்தள வீடு. சமையலறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவருடைய மனைவி அக்லாயா அத்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். வலிக்கு நான் கொண்டுபோன மாத்திரையின் பெயரைப் பார்த்தாலே எங்கள் கடையில் பேச்சுக் குறையும். அத்தைக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் பேச்சு குறையவில்லை.

"வா பொண்ணே, உக்காரு. இவரு இன்னிக்கு என்ன வரைஞ்சாருன்னு காட்டச் சொல்லு."

மாமா தாளை விரித்தார்.

"ஆகா! நல்லா முத்தின முட்டைக்கோசு. உப்புத் தண்ணியில ஊறப் போடுங்க, கறி வெச்சு சர்மாலே சுத்திடலாம்."

"சிரிக்காதடி, இருமல் வரும்."

"வந்தா வரட்டும். உங்க மூஞ்சியப் பாத்து சிரிக்காம வேற எதுக்கு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

அன்றைக்குத்தான் கதை தெரிந்தது. பாதியை அவர் சொன்னார், மீதியை அத்தை திருத்தினார்.

பெண் கேட்டு முதல் தடவை அவர் அத்தையின் வீட்டுக்குப் போனது மே மாதத்தில். கையில் ஒன்பது புஜோர். டிராமில் கூட்டம், இறங்கும்போது ஒன்றின் தலை ஒடிந்து யார் காலடியிலோ போய்விட்டது. பெண் வீட்டைப் பார்க்கும் பதற்றத்தில் அவர் கவனிக்கவில்லை. கதவைத் திறந்த அத்தையின் அம்மா, 'வாப்பா' என்பதற்கு முன்னால் பூவை எண்ணினாராம்.

எங்கள் ஊரில் எல்லோரும் எண்ணுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. கையெழுத்துப் போடத் தெரியாத பூக்காரிகூட 'உயிருக்கா, காரியத்துக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவாள்.

"எட்டு! யாரு செத்துட்டாங்க இந்த வீட்டுலன்னு கேட்டாங்க எங்கம்மா," என்றார் அத்தை. "இந்த மனுஷன் மூஞ்சி பூவ விட செவந்து போச்சு. அப்படியே ஓடப் பாத்தாரு."

"ஓடல. திரும்பினேன்."

"திரும்பிப் படி இறங்கினா அதுக்குப் பேரு ஓட்டம்தான். நான் என்ன பண்ணினேன், கொத்துலேருந்து ஒண்ண உருவி மேஜை மேல வெச்சேன். 'அம்மா, இப்ப எண்ணு. ஏழு. இப்ப உள்ள வரலாமா?' அவ்வளவுதான். அந்த ஒரு பூவாலதான் எனக்கு இவரு, இவருக்கு நான்."

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ஓவியர் ஸ்டாவ்ராக்கே. மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர், 'யாரும் எதையும் நகர்த்தாதீங்க' என்று கத்திவிட்டு வண்ணப் பெட்டியை எடுக்க ஓடினார். இதழ் உதிரும் வரை ஒரு வாரம், அறையைப் பூட்டிக்கொண்டு வரைந்தார். ஈரம் காயும் முன்பே ஏதோ கண்காட்சி என்று படத்தை எடுத்துப் போனார். அங்கிருந்து அது அருங்காட்சியகத்துக்குப் போனது. அவரும் வேறு ஊர் போய் இறந்துவிட்டார்.

"முடிச்ச படத்த நான் பாத்ததே இல்ல," என்றார் அத்தை. "நம்ம ஊர்லதான இருக்கு, எங்க போயிடப் போவுதுன்னு விட்டுட்டேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னு. அப்புறம் கூரை ஒழுகுதுன்னு வருஷக்கணக்கா மூடி வெச்சாங்க. அவங்க திறந்தப்ப நான் படுத்துட்டேன்."

"நான்தான் தினம் பாக்கறேனே. வந்து சொல்றேனே."

"என்ன சொல்றீங்க? நான் எடுத்து வெச்ச பூவ அவரு வாடினாப்ல போட்டாரா, அப்பத்தான் வெச்சாப்ல போட்டாரா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

"அப்பத்தான் வெச்சாப்ல இருக்குடி. சத்தியமா."

"முட்டைக்கோசப் பாத்துப் புஜோருன்னு சொல்ற ஆளு நீங்க. உங்க சத்தியத்த எவ நம்புவா? என் கண்ணால பாக்கணும்."

அத்தை என்னைப் பார்த்தார். எனக்கும் அந்தப் பூ அப்போதுதான் வைத்ததுபோலத்தான் தோன்றியிருந்தது. ஆனால் எண்ணெய் வண்ணத்தில் வாடலையும் வெயிலையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியுமா என்று சந்தேகம். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பம்ஃபில் மாமா டைரக்டரைப் பார்க்கப் போனார். எனக்குப் பேசத் தெரியும் என்று தவறாக நினைத்து, என்னையும் கூட்டிப்போனார்.

"டைரக்டர் ஐயா, அரை மணி நேரம் போதும். படத்தக் கீழ வாசல் கூடத்துக்கு எறக்கினா, நான் அவள நாற்காலியோட தூக்கியாந்து காட்டிட்டுப் போயிடுவேன்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனம் இளகும்போது அப்படிச் செய்வார் என்று ஸாம்ஃபிரா சொல்லியிருக்கிறாள். இளகிய பிறகு மாட்டிக்கொள்வார் என்பதையும் சொல்லியிருக்கிறாள்.

"தோழர்... மன்னிக்கணும், திரு பம்ஃபில். கலை மக்களுக்குச் சொந்தம். எல்லாருக்கும் சொந்தம்ங்கிறதாலதான் யாருமே அதைத் தொடக் கூடாது. உங்க வீட்டம்மாவுக்காக அரை மணி நேரம் கீழே இறக்கினா, அந்த அரை மணியை மூணாம் மாடிக்கு வர்ற மக்கள்கிட்டேருந்து எடுத்ததா ஆகாதா?"

"மூணாம் மாடிக்கு யாரும் வர்றதில்லையே ஐயா."

"வராதவங்களோட உரிமையைத்தான் நாங்க காப்பாத்துறோம். வர்றவங்க தங்களைத் தாங்களே பாத்துக்குவாங்க." டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏன் இவ்வளவு பதறுறீங்க? செத்த இயற்கை எங்கேயும் போறதில்ல. இங்கேயேதான் இருக்கும். உங்க மனைவி எப்ப வேணும்னாலும் வரலாம்."

"எப்ப வேணும்னாலும் வர அவளால முடியாது ஐயா. அதான் விஷயமே."

டைரக்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "சரி. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் ஒரு நடைமுறை இருக்கு. இருப்புப் பிரிவுல திருமதி மொகானுவைப் பாருங்க."

திருமதி மொகானு நல்லவர். படத்தை இறக்குவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று உடனே சொன்னார். இறக்கும் பொருளும் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும், ஒரு நிமிஷ வேலை என்றார். எங்களோடு மூன்று மாடி ஏறினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் மீது எனக்கு மரியாதை வந்தது.

"இருப்புல 'ஏழு புஜோர்கள்'னு இருக்கு. இங்க எட்டு இருக்கு."

"கீழ கெடக்கறது கணக்குல வராதும்மா," என்றார் பம்ஃபில் மாமா.

"ஏன் வராது? அது பூ இல்லையா?"

"பூதான். ஆனா கொத்துல இல்ல. எடுத்து வெச்சது."

"யார் எடுத்து வெச்சது?"

"என் வீட்டுக்காரி."

திருமதி மொகானு பூதக்கண்ணாடியை இறக்கினார். "உங்க மனைவி அருங்காட்சியகப் பொருள்ல கை வெச்சிருக்காங்களா?"

விளக்கிச் சொல்ல நெடுநேரம் ஆனது. முடிவில், அத்தை மீது நடவடிக்கை வேண்டாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் படம் இனி அசையாது. ஒரு பூ அதிகம் என்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும்: யாரோ ஒரு பூவை வரைந்து சேர்த்திருக்கிறார்கள், அல்லது அசல் படத்தைத் திருடிவிட்டு வேறு படத்தை மாட்டியிருக்கிறார்கள். எது என்று தெரியும் வரை அதை இறக்குவது, அவர் சொன்னபடி, 'தடயத்தை அழிப்பது'.

எண்ணிக்கைக் குழு அமைக்கப்பட்டது. வகுப்புக்கு முந்தின நேரத்தில் அதே அறையில் குழு கூடும். நாங்கள் தாழ்வாரத்தில் வரைபலகையோடு காத்திருப்போம். கதவு சரியாகச் சாத்தாது என்பதால் எல்லாம் காதில் விழும்.

தாவரவியல் அறிஞர் ஒருவரை அழைத்திருந்தார்கள். செடியிலிருந்து வெட்டிய கணத்திலேயே எல்லாப் பூவும் இறந்ததுதான், ஆகவே கூஜாவில் நிற்பதும் மேஜையில் கிடப்பதும் தன் துறைக்கு ஒன்றே என்று அவர் கருத்துச் சொன்னார். பாதிரியாரையும் அழைத்திருந்தார்கள். ஒற்றை, இரட்டை என்பதெல்லாம் திருச்சபையின் போதனையில் இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எங்கம்மா கல்லறைக்கு நான் ரெட்டையாத்தான் வாங்கறேன்," என்றார் மெதுவாக. அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அருங்காட்சியகக் கணக்கர், இரு தரப்புக்கும் மனக்கசப்பு வராமல் ஏழரை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். கொஞ்ச நேரம் அது பரிசீலனையில் இருந்தது.

"ஓவியர் இல்ல. அப்போ பூ எப்படி இருந்ததுன்னு பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று டைரக்டர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

பம்ஃபில் மாமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "நான் இருந்தேன் ஐயா. பூ நான் வாங்கினது."

"நீங்க மனுதாரர். உங்களுக்குச் சாதகமா எண்ணுவீங்க."

"அப்ப என் வீட்டுக்காரியக் கேளுங்க. அவதான் எடுத்து வெச்சா."

இது குழுவுக்குப் பிடித்தது. அக்லாயா அத்தை சாட்சி சொல்லலாம். ஆனால் சாட்சி, பொருளை நேரில் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். வீட்டிலிருந்தபடி சொல்வது செல்லாது.

"அதத்தான் ஐயா நானும் கேக்கறேன். படத்தக் கீழ எறக்குங்க, அவ நேர்ல பாத்துச் சொல்லட்டும்."

"படத்தை இறக்க எண்ணிக்கை முடிவாகணும், திரு பம்ஃபில்."

"எண்ணிக்கை முடிவாக?"

"சாட்சி வரணும்."

"சாட்சி வர?"

டைரக்டர் பொறுமையாகச் சொன்னார்: "படி இருக்கே."

அடுத்த வகுப்பு நாளில் டிராம் பணிமனையிலிருந்து நான்கு பேர், அக்லாயா அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தை தலைக்குப் பூப்போட்ட துணி கட்டி, உதட்டில் கொஞ்சம் சிவப்புப் பூசியிருந்தார். ஐந்தாறு தெரு தாண்டி வந்திருந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள்.

"நான் இன்னும் சாகலடா, தொப்பியப் போடுன்னு கத்திக்கிட்டே வந்தேன்," என்றார் அத்தை. மூச்சு வாங்கியது. முகம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

வாசலில் ஸாம்ஃபிரா நின்றாள். அன்று அவளுக்குக் கீழே காவல் போட்டிருந்தார்கள். ஆள் போகலாம், நாற்காலி போக முடியாது என்றாள். வெளியிலிருந்து வரும் மரச்சாமான் எதுவானாலும் இருப்பில் ஏற்ற வேண்டும். இருப்பில் ஏற்றியது மறுபடி வெளியே போக முடியாது.

"அப்ப நாற்காலிய நீங்களே வெச்சுக்குங்க," என்றார் பணிமனைக்காரர் ஒருவர்.

"ஏத்துறப்ப அதுல ஆள் உக்காந்திருந்தா, ஆளும் சேந்துதான் ஏறும்," என்றாள் ஸாம்ஃபிரா. அவள் குரலில் கேலி இல்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. "போன வருஷம் டைரக்டர் ஐயாவோட குடையே அப்படி மாட்டிக்கிச்சு. இப்ப அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு."

பம்ஃபில் மாமா அத்தையைக் கைகளில் தூக்கிக்கொண்டார். அத்தையிடம் கனமே இல்லை. ஆனால் எங்கள் அருங்காட்சியகப் படி சுழன்று சுழன்று ஏறுவது. முதல் மாடித் திருப்பத்தில் அத்தைக்கு வலி வந்தது. சத்தம் போடக் கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, மாமாவின் கோட்டுக் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார். மாமா அங்கேயே படியில் உட்கார்ந்தார்.

"போதுங்க," என்றார் அத்தை. "வீட்டுக்குப் போலாம். அது மேலதான இருக்கு. எங்க போயிடப் போவுது."

குழு சாட்சி இல்லாமலே வாக்கெடுத்தது. இது ஜனநாயகம், பழைய காலம் மாதிரி ஒருவரே எண்ணிவிட முடியாது என்று டைரக்டர் உரையாற்றினார். எட்டு வென்றது. கணக்கர் மட்டும் ஏழரைக்கு வாக்களித்தார். படத்துக்குக் கீழே இருந்த பழைய பெயர்ப் பலகை போய், 'எட்டு புஜோர்கள்' என்று புதுப் பலகை வந்தது. இருப்பும் படமும் ஒத்துப்போயின. இனி இறக்கத் தடை இல்லை என்று திருமதி மொகானு எங்கள் இருவரிடமும் சொல்லிக் கை குலுக்கினார்.

டைரக்டர் கை குலுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்ப ஒரு தர்மசங்கடம். இது இரட்டைப்படைப் பூ. படுத்த படுக்கையா இருக்கிறவங்க முன்னால இதைக் கொண்டு வைக்கிறதா? நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா, அருங்காட்சியகம் சகுனம் வெச்சுக் கொன்னுடுச்சுன்னு பேப்பர்ல போடுவான்."

"எட்டுன்னு போட்டது நீங்கதான ஐயா?"

"நாங்க எண்ணினோம். போட்டது ஓவியர்."

பம்ஃபில் மாமாவின் காதெல்லாம் சிவந்தது. "அப்ப எப்பத்தான் எறக்குவீங்க?"

டைரக்டர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "இரட்டைப்படைக்குன்னு ஒரு சந்தர்ப்பம் இருக்கு, திரு பம்ஃபில். அந்த நேரத்துல அருங்காட்சியகம் பின்வாங்காது. இது என் வாக்கு."

அன்று மாலை நான் மாத்திரை கொண்டுபோனபோது மாமா அத்தையிடம் எதையும் மறைக்கவில்லை. அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டா?"

"எட்டாம்."

"எங்கம்மா இருந்திருந்தா கரண்டியாலயே அடிச்சு வெரட்டியிருப்பாங்க அந்தக் குழுவ." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. வாடியிருக்கா, இல்லையா?"

"அப்பத்தான் வெச்சாப்ல இருக்குடி."

"சரி. நம்பறேன்."

அவர் நம்புகிறேன் என்று சொன்னதுதான் மாமாவை உடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். ஏற்கெனவே அதில் தண்ணீர் இருந்தது.

வெளியே சந்தையில் புஜோர் வந்திறங்கிய வாரத்தில் அக்லாயா அத்தை இறந்தார்.

அருங்காட்சியகம் பின்வாங்கவில்லை. கல்லறைத் தேவாலயத்துக்கு நாங்கள் போனபோது படம் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. வெல்வெட் துணி போர்த்திய தாங்கியில், சவப்பெட்டியின் கால்மாட்டில், அத்தையின் முகத்துக்கு நேராக வைத்திருந்தார்கள். மூன்று மாடி இறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று ஸாம்ஃபிராவைக் கேட்டேன். அடுப்பில் வைத்த காப்பி பொங்குவதற்குள் இறக்கிவிட்டார்களாம். சொல்லிவிட்டுக் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் உரையாற்றினார்.

"இன்று கலை, மக்களிடம் இறங்கி வந்திருக்கிறது! இந்த ஓவியத்தைக் காண வேண்டும் என்பது மறைந்த அம்மையாரின் ஆசை. எங்கள் நிறுவனம் எந்த ஆசையையும் நிராகரிப்பதில்லை. அதற்குரிய நேரம் வரும்வரை அதைப் பாதுகாக்கிறது."

மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அத்தையின் கண்கள் மூடியிருந்தன. பம்ஃபில் மாமா டைரக்டரின் உரையைக் கேட்டதாகத் தெரியவில்லை. மெல்ல நடந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். வலது கையை நீட்டி, மேஜையில் கிடக்கும் அந்த ஒரு பூவுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். பூ மறைந்தது. கூஜாவில் இருப்பவை மட்டும் தெரிந்தன.

"ஒரு மீ..." என்று தொடங்கிய ஸாம்ஃபிரா நிறுத்திக்கொண்டாள்.

"தொடலம்மா," என்றார் மாமா.

அவர் தொடவில்லை. விரலுக்கும் படத்துக்கும் இடையில் ஒரு தாள் போகும். உரை நீண்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

"பாருங்கள்!" என்றார் டைரக்டர், நெகிழ்ந்து போய். "ஓர் எளிய டிராம் தொழிலாளி கலையை ஆசீர்வதிக்கிறார்!" அருங்காட்சியகப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். பெட்டியை மூடும் வரை மாமா அப்படியே நின்றார். கொலிவா இனிப்பை எல்லோருக்கும் கொடுத்தபோது அவரால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் புகைப்படம் அருங்காட்சியகத்தின் ஆண்டு மலரில் அட்டையிலேயே வந்தது. நன்றாக வந்திருந்தது. திருமதி மொகானு பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். 'எட்டு புஜோர்கள்' என்று அச்சிட்ட தலைப்பின் கீழே ஏழுதான் இருந்தன.

எண்ணிக்கைக் குழு மீண்டும் கூடியது. விஷயம் தீரும் வரை படத்தின் மேல் துணி போர்த்தப்பட்டது. இந்த முறை பம்ஃபில் மாமாவையே அழைத்தார்கள். நாங்கள் வழக்கம்போலத் தாழ்வாரத்தில் நின்றோம். கதவு வழக்கம்போலச் சாத்தவில்லை.

"உங்க கோரிக்கை இயல்பாவே காலாவதி ஆயிடுச்சு," என்றார் டைரக்டர். "அதனால இப்ப நீங்க மனுதாரர் இல்ல. தாராளமா சாட்சி சொல்லலாம். பூ எத்தனை?"

"ஏழு," என்றார் மாமா.

"மேஜையில கிடக்கிறது?"

"அது அவ எடுத்து வெச்சது. அவளோடது."

"அவங்கதான் இப்ப இல்லையே," என்றார் திருமதி மொகானு. கேலியாக இல்லை, சரிபார்ப்பது அவர் வேலை. "அப்ப எத்தனைன்னு எழுதிக்க?"

நான் கதவிடுக்கில் பார்த்தேன். மாமா துணி போர்த்திய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா. அவ இருந்த வரைக்கும் ஏழு. இப்ப எட்டுதான்."

சாட்சி இரண்டு எண்ணிக்கை சொல்வதால் நம்பத் தகுந்தவர் அல்ல என்று குழு முடிவு செய்து, கூட்டத்தைத் தள்ளிவைத்தது. எங்கள் வகுப்பு தொடங்கியது. பம்ஃபில் மாமா தன் ஸ்டூலை எடுத்துத் துணி போர்த்திய படத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை ஸாம்ஃபிரா எதுவும் சொல்லவில்லை. அவர் துணியை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து முட்டைக்கோஸ் வரைந்தார், எதையும் அழிக்காமல்.

அவர் தாளில் எல்லாமே கூஜாவுக்குள் இருந்தன, மேஜையில் எதுவும் கிடக்கவில்லை. நான் இரண்டு முறை எண்ணினேன். எட்டு.